சன் தெரியும், ஃபன் தெரியாது

கேள்வி இது: "மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தினம் பத்து ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்து டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கிவிடுகிறாள். அடுத்த வாரம் அதே சொல்லைக் கேட்டால் முழிக்கிறாள். புத்தகத்தில் புதிதாக ஒரு சொல் வந்தால் வாசிக்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கச் சொல்லித் தரும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு விதி என்று ஏதாவது உண்டா? எனக்கும் மனைவிக்கும் ஆங்கிலம் சுமார்தான். வீட்டிலேயே சொல்லித் தர முடியுமா?"

முடியும். உங்களுக்குத் தமிழில் எழுத்துக்கூட்டத் தெரியும். உங்கள் மகளுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தேவையான கைமுதலில் பெரும்பகுதி அதுதான். அதைத் தொடாமல், ஏதோ வேற்றுக் கிரகத்து மொழி மாதிரி ஆங்கிலத்தை ஆரம்பிக்கிறோம் என்பதுதான் என் குறை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருபது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் எடுத்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். "எஸ்-யு-என் சன், சன் மீன்ஸ் சூரியன்" என்று ஒரே மூச்சில் சொல்வாள். ஒரு நாள் பலகையில் எஸ்ஸை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் எஃப் எழுதி, "இது என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பாடத்துல வரலை மிஸ்" என்றாள். மீதி இரண்டு எழுத்தும் அழியாமல் அங்கேயேதான் இருந்தன. அவளுக்கு சன் என்பது மூன்று ஒலி சேர்ந்த சொல் இல்லை, ஒரு போன் நம்பர். ஒரு இலக்கம் மாறினால் அது வேறு யாருடைய நம்பரோ.

இதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ப, ட, ம் என்று பெயரை வரிசையாகச் சொன்னாலே படம் வந்துவிடும். அந்த நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்கு வருகிற குழந்தை எஸ், யு, என் என்று பெயர்களைச் சேர்த்தால் வருவது "எஸ்யுஎன்". எச் என்ற பெயருக்குள் ஹ் ஒலியே கிடையாது. டபிள்யு என்ற பெயரில் வ் எங்கே இருக்கிறது? ஒய் என்ற பெயரைக் கேட்டு அது ய் ஒலிக்கானது என்று எந்தக் குழந்தை கண்டுபிடிக்கும்? ஆகவே முதல் வேலை, கொஞ்ச நாளைக்கு எழுத்தின் பெயரைப் பரணில் போட்டுவிட்டு ஒலியை மட்டும் சொல்லித் தருவது.

இங்கேதான் நம்மிடம் ஒரு புள்ளி இருக்கிறது. ஃபோனிக்ஸ் வகுப்புகளிலேயே பலர் செய்யும் தவறு, எம் எழுத்துக்கு "ம" என்றும், எஸ்ஸுக்கு "ஸ" என்றும் சொல்லித் தருவது. ஸ, அ, ன என்று சேர்த்தால் "ஸஅன" வரும், சன் வராது. புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும்: ஸ், ம், ஃப், ல். ஆங்கிலேய ஆசிரியர்கள் இந்த ஒட்டு உயிரைத் தவிர்க்கத் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொள்கிறார்கள். நம் குழந்தைக்கு "எழுத்துக்குப் புள்ளி வைத்துச் சொல்லு" என்றால் போதும். ஸ், ம், ஃப், ல், ர் இவற்றையெல்லாம் நீட்டிச் சொல்லலாம், அதனால் அடுத்த ஒலியோடு சேர்ப்பது சுலபம். க், ட், ப் நீளாது, சட்டென்று வெட்டிச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் நீளும் ஒலிகளையே எடுங்கள்.

அந்தப் பெண்ணிடம் அன்று கேட்டேன்: "ம் கூட அ சேர்ந்தா?" "ம." "ஃப் கூட அ?" சிரித்தாள். "ஃப." "அதோட ன்?" ஒரு நொடி வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் கத்தினாள், "ஃபன்!" எஃப்பை அழித்து ஆர் போட்டேன், ரன். அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் சாக்பீஸை என்னிடம் திருப்பித் தரவில்லை.

எந்த வரிசையில் எடுப்பது? ஏ, பி, சி, டி வரிசை அகராதி பார்க்க உதவும், வாசிக்க உதவாது. முதல் நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை சொல் எழுத முடியும், எண்ணிப் பாருங்கள். 1992-இல் இங்கிலாந்தில் வந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறை எஸ், ஏ, டைகருக்கு வரும் டி, ஐ, பென்னுக்கு வரும் பி, என் என்று ஆறு எழுத்தில் தொடங்குகிறது. இந்த ஆறில் சேட், பின், டின், நேப், ஆன்ட், ஸ்பின் என்று டஜன் கணக்கில் சொல் வரும். இது நமக்குப் புதிதும் இல்லை. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கத்தின் முதல் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. பட்டா, படி என்றுதான் தொடங்கியது. கையில் இருக்கும் கொஞ்ச எழுத்தை வைத்து அன்றைக்கே ஒரு சொல்லை வாசித்துவிட வேண்டும் என்பதே இரண்டுக்கும் கணக்கு.

மேலே டைகர் டி, பென் பி என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். வேறு வழியில்லை. தமிழில் எழுதினால் பஸ்ஸின் முதல் எழுத்தும் பி, பென்னின் முதல் எழுத்தும் பி. டாக் எழுத்தும் டி, டைகர் எழுத்தும் டி. தமிழ்க் குழந்தையின் ஸ்பெல்லிங் தவறுகளில் ஒரு பெரிய பங்கு இந்த ஒரு இடத்திலிருந்து வருகிறது. தமிழ்க் காது ஒலிப்பு இருக்கிறதா இல்லையா என்று பிரித்துக் கேட்பதில்லை, பிரிக்க வேண்டிய தேவையும் தமிழில் இல்லை. அதனால் "பிக்" என்று சொல்லி எழுதச் சொன்னால் பெரியது, பன்றி, எடு என்ற மூன்று சொல்லில் எது வருமோ தெரியாது.

இதற்கு மருந்து தொண்டையில் விரல். கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்று சொல்லச் சொல்லுங்கள், எதுவும் அசையாது. தேனீ மாதிரி இரைந்தால் விரல் அதிரும், அது இசட். அதே சோதனை பஸ் பிக்கும் பென் பிக்கும், டாக் டிக்கும் டைகர் டிக்கும், ஜிக்கும் கேக்கும். அதிர்கிற கட்சி, அதிராத கட்சி என்று பிரித்து விளையாடினால் ஒரு மாதத்தில் காது திறந்துகொள்ளும். குழந்தை தவறாக எழுதினால் உடனே அடித்துத் திருத்தாமல் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி விரலை வைக்கச் சொல்லுங்கள்.

உயிரொலியில் சிக்கல் வேறு மாதிரி. பூனைக்கும் கேட் என்கிறோம், வாசற்கதவுக்கும் கேட் என்கிறோம். பூனைக்கு வருவது ஆவும் ஏயும் கலந்த ஒரு குறுகிய ஒலி, தமிழில் அதற்கு எழுத்தே கிடையாது. ஆப்பிளின் முதல் ஒலி அதுதான். ஆனால் நாம் சொல்லும் ஆப்பிளில் அது முழு ஆவாகிவிடுகிறது, அதனால் "ஏ ஃபார் ஆப்பிள்" என்ற பாட்டும் இங்கே அவ்வளவாக உதவாது. ஆட்டுக்குட்டி கத்துவதுபோல வாயை அகலமாக்கி, ஆனால் நீட்டாமல் சொல்லிக் காட்டுங்கள். நம் உச்சரிப்பு லண்டன் மாதிரி இருக்கவேண்டியதில்லை. பூனைக்கும் வாசற்கதவுக்கும் வேறு வேறு ஒலி என்று குழந்தைக்குத் தெரிந்தால் சரி.

வீட்டில் யெல், யெம், யென், யெஸ் என்று எழுத்துப் பெயர்களைச் சொல்லிப் பழகியிருந்தால் அதையும் பாருங்கள். முட்டைக்கு ஒய்-ஈ-ஜி என்று எழுதிக் கொண்டுவந்த பையன்கள் எனக்கு உண்டு. அவன் காதில் விழுந்தது யெக், அவன் எழுதியது முற்றிலும் நேர்மையான ஸ்பெல்லிங். தவறை இப்படிப் படித்துப் பார்த்தால் எங்கே கை வைக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டால் ஒன்றும் தெரியாது.

சரி, எழுத்து 26. ஒலி? பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 44. பற்றாக்குறைக்கு எழுத்துகளை ஜோடி சேர்க்கிறார்கள். எஸ்-எச் சேர்ந்தால் ஷ், சி-எச் சேர்ந்தால் ச், ஈ-ஈ சேர்ந்தால் ஈ. டைகர் டி-எச் சேர்ந்தால் த், இதை நம் பிள்ளைகள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள், கவிதா, செந்தில் என்ற பெயர்களிலேயே அது இருக்கிறதே. ஒரே எச்சரிக்கை, யாழினி, தமிழ்ச்செல்வி என்று பெயர் இருந்தால் ழகரத்துக்கு எழுதுகிற இசட்-எச் நாம் செய்துகொண்ட ஏற்பாடு, ஆங்கிலத்தில் அப்படி ஒரு ஜோடி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். குழந்தை தன் பெயரை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அளக்கும்.

ஜோடிகளில் பிள்ளைகள் தடுமாறுவது மேஜிக் ஈ என்று சொல்கிறார்களே, அதில்தான். எம்-ஏ-என் மேன். எம்-ஏ-கே-ஈ மேக். கடைசி ஈ வாயைத் திறப்பதில்லை, ஆனால் நடுவில் இருக்கிற ஏயின் ஒலியை மாற்றிவிடுகிறது. "சும்மா இருக்கிற எழுத்து எதுக்கு மிஸ்?" என்பார்கள். நான் பலகையில் "கோ" எழுதுவேன். முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். கொம்பும் காலும் தள்ளித் தள்ளி நிற்கின்றன, ஆனால் இரண்டும் சேர்ந்துதான் ஓ. நடுவில் க உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல மேக் சொல்லில் ஏயும் ஈயும் ஒரே ஜோடி, நடுவில் கே உட்கார்ந்திருக்கிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் இதைப் பிளவுபட்ட ஜோடி என்றுதான் சொல்லித் தருகிறார்கள். கொம்பும் காலும் போட்டுப் பழகிய குழந்தைக்கு இது ஒரு நிமிஷ வேலை.

இனி விதிகள். ஆங்கிலத்துக்கு விதியே கிடையாது என்பார்கள். பி-யு-டி புட் என்றால் சி-யு-டி மட்டும் ஏன் கட் என்ற ஜோக்கைப் பல தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நின்று பார்ப்போம். புட், புஷ், புல், ஃபுல், காளைக்கு வரும் புல், புதருக்கு வரும் புஷ். யு எழுத்து உ என்று ஒலிக்கும் இந்தச் சொற்களின் முதல் ஒலியைப் பாருங்கள். எல்லாம் உதட்டில் பிறப்பவை. ஒரு காலத்தில் கட், சன் எல்லாமே ஆங்கிலத்தில் உகரமாகத்தான் ஒலித்தன. பிறகு தெற்கு இங்கிலாந்தில் அது அகரம்போல் மாறியது. உதட்டொலிக்குப் பக்கத்தில் உதடு குவிந்தே இருந்ததால் சில சொற்கள் மட்டும் மாறாமல் தப்பின. வட இங்கிலாந்தில் இன்றைக்கும் கட் என்பதை "குட்" என்றுதான் சொல்கிறார்கள். பன், ஃபன் எல்லாம் தப்பாமல் மாறிவிட்டன என்பதால் இதை விதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பைத்தியக்காரத்தனமும் இல்லை. எழுத்து பழைய இடத்தில் நிற்க, பேச்சு நகர்ந்துவிட்டது. 1476-இல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்த காலத்தை ஒட்டி எழுத்து மெல்ல உறைய ஆரம்பித்தது, உயிரொலிகளோ அதன் பிறகும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடம் மாறிக்கொண்டே இருந்தன. "போகிறேன்" என்று எழுதி "போறேன்" என்று சொல்கிற நம் குழந்தைக்கு இது புரியாதா என்ன?

விதிகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1966-இல் அமெரிக்காவில் ஹன்னா என்ற ஆய்வாளரின் குழுவினர் 17,000 சொற்களைக் கணினியில் ஏற்றி, ஒலி விதிகளை மட்டும் வைத்து எழுதவிட்டார்கள். ஏறக்குறைய பாதிச் சொற்களைக் கணினி சரியாக எழுதியது. மீதியிலும் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு இடம்தான் தவறு. அதற்கு முன்பே, 1963-இல், தியோடர் கிளைமர் என்பவர் பள்ளிகளில் ஓதப்படும் 45 விதிகளை எடுத்துப் பாடப்புத்தகச் சொற்களோடு ஒப்பிட்டார். உருப்படியானவை என்று அவர் கணக்கில் தேறியவை 18. "இரண்டு உயிரெழுத்து சேர்ந்து நடந்தால் முதலாவது பேசும்" என்று பாட்டுப் பாடிச் சொல்லித் தருகிறார்களே, அது நூற்றுக்கு 45 தடவைதான் பலித்தது. மேஜிக் ஈ 63. ஆனால் சிக்குப் பின்னால் ஈயோ ஐயோ வந்தால் ஸ் ஒலி என்ற விதி 96. ஆக, எல்லா விதியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஐக்கு அடுத்து ஈ, சிக்குப் பிறகு மட்டும் மாற்றி என்ற விதி நமக்கெல்லாம் மனப்பாடம். அதை விட்டுவிடலாம். 2009-இல் இங்கிலாந்து அரசே ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில் அதைச் சொல்லித் தருவதில் பயனில்லை என்று எழுதிவிட்டது.

எனக்குப் பலித்தவை எல்லாம் இடத்தைப் பொறுத்த விதிகள். ஓர் எழுத்து சொல்லில் எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் என்பதைப் பார்ப்பவை. இது தமிழ்க் குழந்தைக்கு ரத்தத்திலேயே உண்டு. கல், தங்கம், பகல், பக்கம் என்று நான்கு சொல்லை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே க எழுத்து இடத்துக்குத் தகுந்தபடி மாறி ஒலிப்பதை யாரும் சொல்லித் தராமலேயே சரியாக வாசிப்பாள். "இதே மாதிரிதான் சி எழுத்தும், பின்னால ஈ, ஐ, ஒய் வந்தா ஸ், மத்தபடி க்" என்று சொன்னால் தலையாட்டிவிடுவாள். கேக்கில் சி க் ஆகவும் ஃபேஸில் ஸ் ஆகவும் இருப்பது அப்புறம் புதிராகத் தெரியாது. ஜிக்கும் ஏறக்குறைய இதே விதிதான், ஆனால் கெட், கிவ், கேர்ள் என்று அடிக்கடி புழங்கும் சொற்களே மீறும், எனவே அதை விதியாகச் சொல்லாமல் பழக விடுவேன்.

ஏ-ஐ ஜோடி சொல்லின் நடுவில், ஏ-ஒய் ஜோடி கடைசியில்: ரெயின், சே. ஓ-ஐ, ஓ-ஒய் ஜோடிக்கும் அப்படியே: பாயின்ட் என்றால் நடுவில், பாய் என்றால் கடைசியில். ஏனென்றால் ஆங்கிலச் சொல் பொதுவாக ஐயில் முடியாது. வியிலும் முடியாது, அதனால்தான் ஹேவ், கிவ், லவ் மூன்றுக்கும் வாலில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது மேஜிக் ஈ இல்லை, விக்கு முட்டுக்கொடுக்கிற ஈ. இதைச் சொன்னால் "மேஜிக் ஈ இருந்தும் ஏன் கைவ் இல்லை?" என்ற கேள்வியும் அடங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரட்டிக்கிற விதி. வின் என்பது வின்னிங் ஆகும்போது இரண்டு என். ஷைன் என்பது ஷைனிங் ஆகும்போது ஒரே என். ஏன்? ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் இதற்கு மூன்று நிபந்தனை போட்டு அரைப் பக்கம் எழுதியிருக்கும். நன்னூல் ஒரே வரியில் முடிக்கிறது: தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். கல்லோடு ஐ சேர்ந்தால் கல்லை, காலோடு சேர்ந்தால் காலை. மண் மண்ணை ஆகிறது, மான் மானை ஆகிறது. வின், ரன், ஸ்விம் எல்லாம் கல், மண் கட்சி, இங் என்ற உயிர் வந்ததும் ஒற்று இரட்டுகிறது. ஷைன் நெடில், கால் கட்சி. ஓப்பன் என்பதில் ஏன் இரட்டவில்லை என்றால் அது தனிக்குறில் இல்லை, அவன் அவனை ஆவதுபோல ஓப்பனிங். இந்த ஒற்றுமையை முதலில் கவனித்த அன்று எனக்கு வகுப்பு நடத்தவே ஓடவில்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் நன்னூல் சூத்திரம் சொல்லவேண்டாம். கல்லை, காலை என்று நாலு ஜோடி சொல்ல வைத்துவிட்டு வின்னிங், ஷைனிங் எழுதச் சொல்லுங்கள்.

இதன் தம்பி ஒன்றும் உண்டு. ஓரசைச் சொல்லில் குறிலுக்குப் பின் கடைசியில் எல், எஸ், எஃப் வந்தால் இரண்டு போடுவார்கள்: பெல், ஹில், மிஸ், ஆஃப். நெடிலானால் ஒன்றுதான்: வீல், கூல், மெயில். இதை எப்படி ஞாபகம் வைப்பது? தமிழ் ஆட்கள் ஆங்கிலச் சொல்லின் வாலில் உகரம் ஒட்டிப் பேசுகிறோம் என்று கேலி செய்வார்களே, அந்த உகரத்தையே கருவியாக்கிக்கொள்ளுங்கள். பெல்லு, பில்லு, மில்லு என்று அழுத்தம் வந்தால் இரண்டு எல். வீலு, கூலு, மெயிலு, ஆயிலு என்று மெலிதாக வந்தால் ஒன்று. பஸ்ஸு மட்டும் ஏமாற்றும், ஒரே எஸ். கேஸ், யெஸ், திஸ் இன்னும் சில. க் ஒலிக்கு இரண்டு கே போடுவதில்லை, அதற்குப் பதில் சி-கே. குறிலை அடுத்து உடனே வந்தால் சி-கே: டக், நெக், ராக். நெடிலுக்குப் பின்னாலோ வேறு மெய்க்குப் பின்னாலோ வெறும் கே: வீக், மில்க்.

இறந்த காலத்துக்கு வரும் ஈ-டி வாலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜம்ப்ட், வான்டட், ப்ளேய்ட் என்று அது மூன்று விதமாக ஒலிக்கும், எழுதுவது மட்டும் எப்போதும் ஈயும் டாக் டியும். காதை நம்பி எழுதும் குழந்தை ஜம்ப்டுக்கு டைகர் டி போடும். ஒலிக்காக இல்லை, "நேற்று நடந்தது" என்று சொல்வதற்காகப் போடுகிற வால் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

விதிக்கு அடங்காதவை: செட், வாஸ், ஒன், டூ, தி, தே, கம். இவை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், ஆனால் முழுச் சொல்லையும் அல்ல. "சொன்னான்" என்ற பொருளில் வரும் செட்: எஸ், ஏ, ஐ, டாக் டி. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காக நடக்கின்றன, நடுவில் ஏ-ஐ மட்டுமே குறும்பு செய்கிறது. அந்த இரண்டு எழுத்தை மட்டும் வண்ணப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். நினைவில் வைக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். லெஃப்டினன்ட் ஸ்பெல்லிங்குக்கு "பொய், நீ, பத்து, எறும்பு" என்று நம் மாமாக்கள் சொல்லித் தந்த மாதிரி உத்திகளும் நல்லதுதான், ஒரு உத்திக்கு ஒரு சொல்தான் மாட்டும் என்பதை நினைவில் வைத்தால் சரி.

வீட்டில் தினமும் கால் மணி நேரம் போதும். சிலேட்டு எடுங்கள், அழிக்கச் சுலபம், தவறு செய்யப் பயமும் இருக்காது. முதலில் அவளுக்கு வாயில் புழங்கும் சொற்களையே எடுங்கள்: பஸ், பென், கப், ஜக், ஃபேன், நெட், பெட், மிக்ஸி. அர்த்தம் தெரியாத சொல்லைச் சரியாக வாசித்தாலும் சரிதானா என்று அவளுக்கே தெரியாது. வாசிக்கும்போது ஒலிகளைச் சேர்ப்பது, எழுதும்போது ஒலிகளைப் பிரிப்பது. ஃபிஷ் என்று சொல்லிவிட்டு விரலை மடக்கச் சொல்லுங்கள்: ஃப், இ, ஷ். மூன்று விரல். பிறகு ஒவ்வொரு விரலுக்கும் எந்த எழுத்து என்று கேளுங்கள், கடைசி விரலுக்கு மட்டும் இரண்டு எழுத்து. ஸ்பூன், ஸ்டாம்ப் மாதிரி மெய்யெழுத்து நெருக்கியடிக்கும் சொற்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துப் போகலாம். தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது, நாக்கு "இஸ்பூன்" என்று படிக்கட்டு கட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

வாரம் ஒருமுறை அர்த்தமே இல்லாத சொற்கள் சில வாசிக்கச் சொல்லுங்கள்: வெம், ஷாஃப், நிக். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கும் வாசிப்புச் சோதனையில் 40 சொற்கள், அதில் 20 இப்படிப் பொய்ச் சொற்கள். மனப்பாடத்தில் இருந்து சொல்ல முடியாது, எழுத்தைக் கூட்டியே ஆகவேண்டும். இவற்றை வாசித்துவிட்டாள் என்றால் கவலையை விடலாம்.

ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்ப்பது உங்கள் விருப்பம். சேர்க்கும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மிஸ் "ம" என்கிறாரா "ம்" என்கிறாரா என்று கேளுங்கள். குழந்தைகள் பாடுவதும் ஆடுவதும் மட்டும் நடந்தால், ஒலியைச் சேர்த்துச் சொல்லை வாசிப்பது எப்போது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகம் வாங்கலாம்.

பஸ் பியும் டாக் டியும் திருப்பிப் போட்டு எழுதுவது ஏழு வயது வரை சகஜம், பயப்படாதீர்கள். ஆனால் தமிழிலும் எழுத்துக்கூட்ட ரொம்பத் திணறுகிறாள், பல மாதம் முயன்றும் ஒலி பிடிபடவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

பள்ளியில் தினம் பத்துச் சொல் டிக்டேஷன் நிற்கப்போவதில்லை, அதையும் சமாளிக்க வேண்டும். அந்தப் பத்தையும் இரவில் மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: ஒலித்தபடியே எழுதலாம், ஒரு விதி தெரிந்தால் எழுதலாம், குறும்புச் சொல். அனேகமாகக் கடைசிக் குவியலில் இரண்டோ மூன்றோதான் விழும். அவற்றை மட்டும் வண்ணப் பென்சிலோடு மனப்பாடம் செய்யட்டும். எழுத்துப் பெயர்களைச் சொல்லி ஒப்பிக்கச் சொல்லாமல், ஒவ்வொரு ஒலியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, பட்டியலில் இல்லாத, ஆனால் அதே இனத்துச் சொல் ஒன்றைக் கேளுங்கள். பட்டியலில் ரெயின் இருந்தால் நீங்கள் மெயின் கேளுங்கள்.